நீண்ட ஆன்மிகக் கூட்டங்களில் அரைத் தூக்கத்தில் கேட்பதும் ஆழ்மனதில் பதிந்துவிடுமா?

அரைத்தூக்கம்:
வாராவாரம் குடும்பத்தோடு ஒரு மதக் கூட்டத்துக்குப் போகிறேன். எந்த மதம் என்று கேட்காதீர்கள், பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். முதல் அரை மணி நேரம் ஒழுங்காகக் கேட்பேன், அப்புறம் கண் மட்டும் மேடையில் இருக்கும், மனம் முடிக்காத ஆபீஸ் வேலைக்குப் போய்விடும். எல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டதாகத்தான் நினைப்பு. ஆனால் போன வாரம் தம்பி, வேறு வேலைக்குப் போகலாமா என்று கேட்டபோது, ஒரு நொடிகூட யோசிக்காமல் "இருப்பதில் நிறைவு காணாதவனுக்கு எங்கே போனாலும் நிறைவு இல்லை" என்று சொன்னேன். அதுவும் "எங்கே போனாலும்" என்பதற்கு முன்னால் அந்தப் பேச்சாளர் குரலைத் தாழ்த்தி நிறுத்துவாரே, அந்த நிறுத்தத்தோடு. அவன் சிரித்துவிட்டான், எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இது ஆழ்மனதின் வேலையா? தூங்கினாலும் ஏறுமா?

பழையபெஞ்சு:
நிஜமாகவே தூங்கிவிட்டால் ஏறாது, தைரியமாகத் தூங்குங்கள். 1956-ல் சைமன், எம்மன்ஸ் என்ற இருவர், மூளை அலைகளை அளந்துகொண்டே தூங்குபவர்கள் காதில் கேள்வி பதில்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஆழ்ந்து தூங்கும்போது கேட்டது எதுவும் நினைவில் இல்லை, கண் சொக்கும் நேரத்தில் கேட்டது மட்டும் கொஞ்சம் தங்கியது. சினிமா திரையில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விளம்பரம் காட்டி விற்பனையைக் கூட்டினேன் என்று 1957-ல் ஜேம்ஸ் விக்கரி சொன்னதும் புளுகுதான், பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

உங்களுக்கு நடந்தது திரும்பத் திரும்பக் கேட்டதன் விளைவு. 1977-ல் ஹாஷரும் கூட்டாளிகளும் மாணவர்களிடம் இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை சில கூற்றுகளைக் கொடுத்து, எது உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். உண்மையோ பொய்யோ, திரும்ப வந்த கூற்றுகளுக்கு ஒவ்வொரு முறையும் மதிப்பெண் ஏறியது. பழகிய வாக்கியத்தை மனம் சிரமமில்லாமல் வாங்கிக்கொள்கிறது, அந்தச் சுலபத்தையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. சரியான விடை தெரிந்தவர்களும் இதற்குத் தப்புவதில்லை என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

எதிர்க்கேள்வி:
கவனம் சிதறுவதைச் சும்மா விட்டுவிடாதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. 1964-ல் ஃபெஸ்டிங்கரும் மக்கபியும் கல்லூரி மாணவர் சங்கங்களைத் தாக்கும் ஒரு பேச்சை அந்தச் சங்க உறுப்பினர்களுக்கே போட்டுக் காட்டினார்கள், சிலருக்கு மட்டும் பேச்சு ஓடும்போது திரையில் சம்பந்தமே இல்லாத வேடிக்கைப் படம். மனம் மாறியது வேடிக்கை பார்த்தவர்களிடம்தான் அதிகம், ஏனென்றால் மறுத்துப் பேச அவர்கள் மனதுக்கு நேரம் கிடைக்கவில்லை. 1976-ல் பெட்டியும் மற்ற இருவரும் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள்: கவனச் சிதறல் சொத்தை வாதத்துக்குத்தான் உதவுகிறது, நல்ல வாதத்தைக் கெடுக்கிறது. அதனால் மூன்றாவது மணி நேரத்தில், எல்லோரும் களைத்துப்போன பிறகு, ஆதாரமில்லாத பெரிய கூற்றுகள் வருகின்றனவா என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். திட்டம் போட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அந்த நேரத்தில் பேசுபவருக்கும் களைப்புதான்.

நம்பிக்கையோடு:
நானும் போகிறவன்தான், விரும்பித்தான் போகிறேன். டிவி விவாதமும் தேர்தல் பேச்சும் இதையேதானே செய்கின்றன, அதற்கு மட்டும் யாரும் இப்படித் திரி போடுவதில்லை! சேர்ந்து பாடுவதில் ஒரு சுகம் இருக்கிறது, 2009-ல் வில்டர்முத், ஹீத் செய்த சோதனைகளில்கூட காலடி சேர்த்து நடந்தவர்களும் சேர்ந்து பாடியவர்களும் பிறகு ஒருவருக்கொருவர் அதிகம் ஒத்துழைத்தார்கள். அந்த நெருக்கத்துக்காக நான் போகிறேன். அதே நெருக்கத்தில் பக்கத்தில் இருப்பவர் தலையாட்டினால் நமக்கும் தலை ஆடும், அதையும் மறுக்கவில்லை.

பழையபெஞ்சு:
நீங்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்து கேட்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். சில கூட்டங்களில் கேள்வி கேட்டு, பதிலைக் கையில் இருக்கும் தாளிலேயே கொடுத்து, "உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள்" என்று மைக்கை நீட்டுவார்களே, எனக்கு அதுதான் பயம். 1954-ல் ஜானிஸ், கிங் செய்த சோதனையில், ஒரு கருத்துக்கு ஆதரவாகத் தாங்களே பேசவைக்கப்பட்டவர்கள், அதே பேச்சை உட்கார்ந்து கேட்டவர்களைவிட அதிகம் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள், அதிலும் சொந்தமாகக் கோத்துப் பேசியவர்கள். ஊரார் சொன்னதை மறக்கலாம், நானே சொன்னதை எப்படி மறுப்பேன்? அரைத்தூக்கம், உங்களை நினைத்துக்கூட நான் அவ்வளவு கவலைப்பட மாட்டேன், முதல் வரிசையில் விழித்திருந்து கை தூக்குகிறவரை நினைத்துத்தான் கவலைப்படுவேன்.

அரைத்தூக்கம்:
ஐயோ, எங்கள் கூட்டத்திலும் மைக் வரும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், முடிந்த பிறகு தனியாக வந்தும் கேட்பார்கள். என்ன சொல்வது?

எதிர்க்கேள்வி:
தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். அடுத்த வாரமும் கேட்டால், "இதில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, இங்கேயே கேட்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், அதற்கப்புறம் மைக் உங்கள் பக்கம் வராது.