திரி: ஜாக்கெட்டட் புல்லட், தமிழில் என்ன?

கூடல்மொழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். புதன்கிழமைக்குள் ஒரு மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் ஒருவர். பகலெல்லாம் வேலை, மாலையில் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். மிச்சமாகும் முக்கால் மணி நேரத்தில் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து தன் ரைஃபிளுக்கான குண்டுகளைத் தானே செய்துகொள்கிறார். அவருடைய நீண்ட நேர்காணல் இது. ஈயத்தைத் துண்டு போடுவது ஒரு நாள், மெல்லிய செம்புக் கிண்ணத்துக்குள் அதை இறக்கி அழுத்துவது இன்னொரு நாள், முனையை ஒடுக்குவது அடுத்த வாரம் என்று தவணை முறையில் வேலை நடக்கிறது.

இப்படி ஈயத்துக்கு மேல் செம்பு போர்த்திய குண்டுக்கு அவர் சொல்லும் பெயர் 'ஜாக்கெட்டட் புல்லட்'. அது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஜாக்கெட் என்றே விட்டுவிட்டால் நம்மூர் வாசகருக்குத் தையல்கடைதான் நினைவுக்கு வரும். 'கவசக் குண்டு' என்று போட்டுப் பார்த்தேன். கவசத்தைத் துளைப்பதற்கென்றே தனியாக ஒரு குண்டு இருப்பதால் அது குழப்புகிறது. 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்', உள்ளே இருக்கும் ஈயத்துக்கு 'கோர்', அச்சில் அழுத்திச் செய்வதற்கு 'ஸ்வேஜிங்' இவையும் வேண்டும். கைகொடுங்கள்.

மட்டுறுத்துநர்:

தொடங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வகைகளைச் செய்யக் கூடாது. அங்கே ஒருவர் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம் என்பது அவர்கள் சட்டம். சொல்லைப் பற்றி மட்டும் பேசுவோம். செய்முறை வேண்டாம்.

பழஞ்சுவடி (திருமங்கலம்):

கவசம் வடசொல். பதிற்றுப்பத்தில் 'சான்றோர் மெய்ம்மறை' என்று சேர அரசனைப் பாடுகிறார்களே, அந்த மெய்ம்மறை இருக்கக் கவசம் எதற்கு? 'மெய்ம்மறைக் குண்டு' என்று தாராளமாக எழுதலாம்.

பட்டறைக்காரன் (செல்லூர்):

ஐயா, மெய்ம்மறைக் குண்டுன்னு சொன்னா எங்க பட்டறைப் பையன்கள் சட்டைக்குள்ள மறைச்சு வச்ச குண்டுன்னு நினைப்பாங்க. முதல்ல அந்தச் செம்பு அங்க என்ன வேலை செய்யுதுன்னு யாராவது சொல்லுங்க. வேலை தெரிஞ்சாத்தான் பேர் வைக்க முடியும்.

மேலூர் ஆசிரியர்:

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிற முறையில் சொல்கிறேன். பழைய கருமருந்துத் துப்பாக்கிக்கு வெறும் ஈயக் குண்டே போதுமானதாக இருந்தது. 1884இல் பிரான்சில் பால் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். அதை வைத்து வந்த 1886ஆம் ஆண்டு லெபெல் ரைஃபிளில் குண்டின் வேகம் விநாடிக்கு 600 மீட்டரைத் தாண்டியது. ஈயம் 327 டிகிரியில் உருகும். நகத்தால் கீறினாலே கோடு விழும். அந்த வேகத்தில் அது குழலுக்குள் இருக்கும் திருகுவரிகளைப் பற்றிச் சுழலாமல் வழுக்கிக்கொண்டு போகும், குழல் சுவரில் அப்பிக்கொள்ளும். அதனால் மேலே கொஞ்சம் கெட்டியான உலோகத்தைப் போர்த்தினார்கள். சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1882இலேயே செம்பு போர்த்திய குண்டைச் செய்துவிட்டார். இப்போது வழக்கமாகப் பயன்படும் கலவையில் செம்பு 95 பங்கு, துத்தநாகம் 5 பங்கு.

ஆக, குண்டை அடிபடாமல் காப்பாற்றுவதற்காக அல்ல அந்தப் போர்வை. குழலைப் பற்றுவதற்காக. கவசம், மெய்ம்மறை இரண்டுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

பட்டறைக்காரன்:

இப்ப புரியுது. அஞ்சு பங்கு துத்தநாகத்தை எங்க கடையில பித்தளைன்னு சொல்ல மாட்டோம், செம்புதான். சரி, குண்டு முனையில மூடியிருக்கா, அடியில மூடியிருக்கா?

மேலூர் ஆசிரியர்:

நல்ல கேள்வி. ஃபுல் மெட்டல் ஜாக்கெட் என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலானவற்றில் முனை மூடியிருக்கும், அடியில் ஈயம் தெரியும். பொந்து முனைக் குண்டில் அப்படியே தலைகீழ். அடி மூடியிருக்கும், முனையில் வாய் திறந்திருக்கும்.

பட்டறைக்காரன்:

அப்ப முதல் வகை கொம்புக் குப்பிதான். மாட்டுப் பொங்கலுக்குக் காளைக் கொம்புல பித்தளைக் குப்பி மாட்டுறோம்ல? முனை மூடி, அடி திறப்பு. 'குப்பிக் குண்டு'ன்னு வைங்க. இல்லாட்டி உலக்கைக்குப் போடுற மாதிரி 'பூண் குண்டு'. பூண் போடாத உலக்கை தேஞ்சு போகும், பூண் போடாத ஈயமும் அப்படித்தானே.

பழஞ்சுவடி:

பூண் நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் மேலூர்த் தம்பி சொன்னதைப் படித்ததும் எனக்கு வேறொன்று பொறிதட்டியது. வெளியே வன்மை, உள்ளே மென்மை. தொல்காப்பிய மரபியலை எடுங்கள்: 'புறக் காழனவே புல்லென மொழிப, அகக் காழனவே மரமென மொழிப.' காழ் என்றால் மரத்தின் வைரம். பனைக்கும் தெங்குக்கும் வைரம் வெளியில், உள்ளே சோறு. தேக்குக்கு வைரம் உள்ளே. செம்பு போர்த்திய ஈயம் பனையின் இனம். ஆகவே 'புறக்காழ்க் குண்டு'. கவசத்தைத் துளைப்பதற்காக உள்ளே எஃகு வைத்துச் செய்கிறார்களே, அது 'அகக்காழ்க் குண்டு'. கூடல்மொழியின் குழப்பம் ஒரே வீச்சில் தீர்ந்தது. இரண்டு சொல்லில் ஒரு முழு வகைப்பாடு!

கூடல்மொழி:

ஐயா, படித்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஆனால் வாரப் பத்திரிகை வாசகருக்குக் காழ் என்றால் காழ்ப்புணர்ச்சிதான். யாரோ கோபத்தில் சுட்ட குண்டு என்று எடுத்துக்கொள்வார்.

பழஞ்சுவடி:

காழ்ப்பும் அதே வேர்தானம்மா. மனம் முற்றி இறுகுவது காழ்ப்பு. வாசகருக்குத் தெரியாத சொல்லைக் கொடுக்கவே கூடாது என்றால் 'மின்னஞ்சல்' எப்படி வந்தது? நாம்தானே பழக்கினோம்.

மேலூர் ஆசிரியர்:

மின்னும் தெரியும், அஞ்சலும் தெரியும், சேர்த்தார்கள். காழ் தெரியாதே. தவிர, வகைப்பாடும் முழுசாக நிற்காது. எஃகுக் கரு வைத்த குண்டுக்கும் வெளியே செம்புப் போர்வை உண்டு. அது அகக்காழா, புறக்காழா?

பழஞ்சுவடி:

இருகாழ்.

(இதற்குப் பிறகு ஒரு முழு நாள், பனையும் மூங்கிலும் புல்லினமா என்று தாவரவியல் படித்த இரண்டு உறுப்பினர்கள் எழுதிக்கொண்ட ஒன்பது மடல்களைத் தனித் திரிக்கு மாற்றியிருக்கிறேன். – மட்டுறுத்துநர்)

கனடாவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்தான்:

ஜாக்கெட்டுக்கு அடிபடுறியள், புல்லட்டுக்கு என்ன சொல் எண்டு முடிவெடுத்திட்டியளோ? எங்கட பக்கம் 'ரவை' எண்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சிதறிப் பாயிற துண்டு 'சன்னம்'. உங்கட ஆக்கள் தோட்டாவையும் குண்டையும் மாறி மாறி எழுதுறதைப் பாத்தால் எது பறந்தது, எது நிலத்தில விழுந்தது எண்டு தெரியேல்லை. ஆனால் 'குப்பி' மட்டும் வேண்டாம். எங்களுக்கு அந்தச் சொல் வேற ஞாபகத்தைத் தரும்.

கூடல்மொழி:

குப்பியை அப்போதே எடுத்துவிட்டேன், அண்ணா. ரவை எழுதினால் இங்கே உப்புமா கிண்டிவிடுவார்கள், அதுதான் சிக்கல். குண்டு என்றாலும் மதுரையில் முதலில் மல்லிதான். இருந்தாலும் 'துப்பாக்கிக் குண்டு' தினசரிகளில் ஊறிப்போன சொல். கூடு, மருந்து, எரியூட்டி, குண்டு நான்கும் சேர்ந்தது தோட்டா. அதன் நுனியிலிருந்து பறந்து போவது குண்டு. இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்.

பழஞ்சுவடி:

தோட்டா உருது வழி வந்தது. துப்பாக்கி துருக்கியிலிருந்து. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் இதே மதுரையின் மதில்மேல் இருந்த பொறிகளை அடுக்குகிறார் இளங்கோ: 'கல்லுமிழ் கவணும்', 'காய்பொன் உலையும்'. கல்லை உமிழ்வது கவண் என்றால் குண்டை உமிழ்வதற்கு...

மேலூர் ஆசிரியர்:

ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், துப்பாக்கியை இந்த வாரம் விட்டுவிடுங்கள். கெடு புதன்கிழமை.

'உறை' என்பதையே யாரும் பேசவில்லையே? வாளுக்கு உறை, தலையணைக்கு உறை. கீழடியில் தோண்டி எடுத்தார்களே, சுடுமண் வளையம் அடுக்கிய கிணறு, அதுவும் உறைகிணறு. உள்ளிருப்பதன் வடிவத்தை வெளியிலிருந்து பிடித்து நிறுத்துவது உறை. 1899 ஹேக் மாநாட்டில், உடலுக்குள் போய் எளிதில் விரியும் குண்டுகளைத் தடைசெய்து ஓர் அறிவிப்பு வந்தது. கல்கத்தா பக்கத்து டம்டம்மில் செய்த குண்டுகளால் எழுந்த சர்ச்சையின் விளைவு அது. அந்த வாசகத்திலேயே, கருவை முழுக்க மூடாத கடினமான உறை என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறார்கள். ஜாக்கெட் என்ற சொல்லே அதில் இல்லை. ஆகவே உறை, கரு. கோர் என்பதற்கு 'உள்ளீடு' வேண்டாம், அதைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

செம்பு + உறை = செப்புறை. இரும்பு இருப்புப்பாதை ஆனதுபோல், செம்பு செப்பேடு ஆனதுபோல். 'செப்புறைக் குண்டு'. எப்படி?

பட்டறைக்காரன்:

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எஃகுத் தகட்டுல செஞ்சு மேல செம்பு முலாம் பூசுற குண்டும் இருக்குன்னு படிச்சேன். அதைச் செப்புறைன்னு எப்படிச் சொல்வீங்க?

கூடல்மொழி:

எனக்கு வேறொரு இடி. நேர்காணலில் ஒரு வரலாறு வருகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே இந்தச் செம்புக் கிண்ணங்களுக்குத் தட்டுப்பாடு. 1943இல் கலிபோர்னியாவின் ஓரோவில்லில் ஃபிரெட் ஹண்டிங்டன், சுட்டுப் போட்ட சிறிய பாயிண்ட் டூ டூ தோட்டாக்களின் வெற்றுக் கூடுகளை அச்சில் அழுத்தி ஜாக்கெட்டாக மாற்றும் கருவியைச் செய்தார். தோட்டா செய்யும் கருவிகளைத் தயாரிக்கும் ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் அதிலிருந்து வந்ததுதான். தமிழ்ச் செய்திகளில் அந்த வெற்றுக் கூட்டையும் 'தோட்டா உறை' என்று எழுதுகிறார்கள். அப்படியானால் என் வாக்கியம் 'உறையை அழுத்தி உறை செய்தார்' என்று ஆகிவிடுகிறது.

மேலூர் ஆசிரியர்:

நீங்களே நேற்றுக் கூடு என்று எழுதிவிட்டீர்களே. 'கூட்டை அழுத்தி உறை செய்தார்.' தெளிவாக இருக்கிறது. முலாம் பிரச்சினைக்குச் செம்பை விட்டுவிட்டுப் பொதுவாக 'உறைக் குண்டு'. தேவைப்படும் இடத்தில் செப்புறை, எஃகுறை.

பழஞ்சுவடி:

உறைக் குண்டு என்றால் உறைக்குள் போட்ட குண்டு. தலையணை உறையிலும் போடலாம். 'உறைபொதி குண்டு' என்றாவது வையுங்கள். ஃபுல் மெட்டல் ஜாக்கெட்டுக்கு 'முழுமாழையுறை'.

மேலூர் ஆசிரியர்:

மாழைக்கு அகராதியில் அழகு, இளமை, மாமரம் என்றெல்லாம் பொருள் இருக்கிறது ஐயா. உலோகம் பள்ளிக்கூடத்தில் படித்த சொல். அதோடு, அடியில் ஈயம் தெரிகிற ஒன்றை 'முழு' என்பதே எனக்கு உறுத்துகிறது. 'முனைமூடி உறை', 'முனைதிறந்த உறை' என்றால் பார்த்ததைச் சொன்னதாக இருக்கும்.

கூடல்மொழி:

மூலத்தில் முழு என்றுதான் இருக்கிறது. ஆங்கிலேயரின் பிழையைத் திருத்த எனக்குச் சம்பளம் தரமாட்டார்கள். 'முழு உலோக உறை' என்றே போடுகிறேன்.

மட்டுறுத்துநர்:

வாக்கெடுப்பு: உறையிட்ட குண்டு 11, செப்புறைக் குண்டு 6, பூண் குண்டு 3, புறக்காழ்க் குண்டு 1, ரவையை வைத்து ஏதாவது 2. கரு என்பதற்கு எதிர்ப்பு இல்லை. 'உறையிட்ட' என்பது யாருடைய முன்மொழிவு என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. திரியில் யாரும் முன்மொழியாத சொல்லுக்கே அதிக வாக்கு விழுந்திருக்கிறது.

கூடல்மொழி:

அதையே வைத்து நேற்று இரவு அனுப்பிவிட்டேன். வரலாறு சொல்லும் பகுதியில் மட்டும் செப்புறை. எல்லாருக்கும் நன்றி.

பழஞ்சுவடி:

என் ஒரு வாக்கு அப்படியே இருக்கட்டும். அடுத்த பதிப்பு வரும்போது கேளுங்கள்.

பட்டறைக்காரன்:

எல்லாம் சரி, ஸ்வேஜிங்குக்கு யாருமே வார்த்தை சொல்லலையே? சூடு பண்ணாம, அச்சுக்குள்ள வச்சு ஒரே அழுத்துல வடிவத்துக்குக் கொண்டுவர்றது. வார்ப்பும் இல்ல, கடைசலும் இல்ல. நாங்க 'நெருக்கி எடுக்குறது'ன்னு சொல்லுவோம். அக்கா, நீங்க என்னன்னு போட்டு அனுப்புனீங்க?

கூடல்மொழி:

ஸ்வேஜிங்.