பயோடீசல் கலவையின் பாகுநிலை கணக்கோடு ஒத்துவராதது ஏன்?

ஜூரோங் மாணவர்: வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகப் பாமாயில் பயோடீசலை டீசலுடன் வெவ்வேறு கன அளவு விகிதங்களில் கலந்து, 40 பாகை செல்சியஸில் அளந்து வருகிறேன். அடர்த்தி நேர்விகிதக் கணக்கோடு பொருந்துகிறது. பாகுநிலை (திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடை) மட்டும் எப்போதும் சற்றுக் குறைவாகவே வருகிறது. கருவியில் கோளாறா?

மறுமொழி 1: கருவியின் மீது பழி போடாதீர்கள். பாகுநிலை நேர்கோட்டில் கூடுவதில்லை. அதன் மடக்கைதான் (லாகரிதம்) ஏறக்குறைய அப்படிக் கூடும். டீசலுக்கு 2.8, பயோடீசலுக்கு 4.5 சதுர மில்லிமீட்டர்/நொடி எனக் கொண்டால், சரிபாதிக் கலவைக்கு நேர்விகிதம் 3.65 தரும், மடக்கை முறை 3.55 தரும்.

மறுமொழி 2: அதற்கு உடன்படுகிறேன். ஆயினும் வெப்பநிலையையும் பாருங்கள். ஒரு பாகை பிசகினாலே பாகுநிலை ஏறத்தாழ 2 விழுக்காடு மாறிவிடும் என்பதால்தான், பாகுநிலையை அளப்பதற்கான ஏஎஸ்டிஎம் டி445 என்ற தர முறை நீர்த்தொட்டியின் வெப்பநிலையை 0.02 பாகைக்குள் நிறுத்தச் சொல்கிறது. பாமாயில் பயோடீசல் 15 பாகையை ஒட்டியே கலங்கத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் அது தெரியாது. குளிர்பெட்டியில் வைத்த புட்டியாக இருந்தால், அடியில் படிந்த வெண்துகள் முழுதும் கரையும்வரை சூடாக்கி, நன்கு கலக்கிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும்.

ஜூரோங் மாணவர்: புட்டி குளிர்பெட்டியில்தான் இருந்தது. இரண்டையும் சரிபார்க்கிறேன், நன்றி.