ஜாமீன் கிடைத்த பிறகும் சிறையில் இருந்தவர்

சட்டப்பணி வழக்குரைஞர், விழுப்புரம்:
திருட்டு வழக்கில் கைதான இருளர் இளைஞருக்கு ஜாமீன் வாங்கிவிட்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டேன். 41 நாள் கழித்து வேறொருவரைப் பார்க்கச் சிறைக்குச் சென்றபோது, கம்பிவலைக்கு அந்தப் பக்கம் அவரே நின்றார். ஆணையின் நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் தாள் கிழிந்திருந்தது. "ரெண்டு பேர் ஜாமீன் நிக்கணுமாமே சார், எங்க ஆளுங்கள்ல யாருகிட்ட வீட்டு வரி ரசீது இருக்கு?" என்று கேட்டார். செங்கல் சூளையிலேயே தங்கி வேலை செய்யும் குடும்பம் அது. ஏழைக்குச் சொந்த ஜாமீன், அதாவது வேறு ஆள் ஜாமீன் நிற்காமல் அவரே எழுதித் தரும் உறுதிமொழி, போதும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் மோத்தி ராம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் 1978-இலேயே தெளிவாக்கியிருந்தும், என் மனுவில் அதற்காக ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

வழக்குரைஞர், சேலம்:
மேலே எழுதியவர் தம்மீதே பழி போட்டுக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜாமீன் ஆணை வந்து ஏழு நாளில் கைதி வெளிவராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று உத்தரவிட்டது. ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. அந்தத் தகவல் ஏன் போகவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். என் கட்சிக்காரர் ஒருவரும் இப்படித்தான் ஒரு பொங்கலை உள்ளே கழித்தார்.

வன உரிமைப் பணியாளர், கல்வராயன்மலை:
இருவருமே ஜாமீன் ஆணையைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். வரி ரசீது ஏன் இல்லை என்பதைக் கேட்கவில்லை. எங்கள் மலையில் ஒரு மூதாட்டியின் நில உரிமைக் கோரிக்கையை, ஆவணம் இல்லை என்று திருப்பினார்கள். அவர் என் கையைப் பிடித்துக் காட்டுக்குள் அழைத்துப் போய், மாமனாரைப் புதைத்த இடத்தில் நட்டிருந்த கல்லின் மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அந்தக் குளிர்ச்சி இன்னும் என் கையில் இருக்கிறது. காட்டில் தலைமுறையாக வாழ்வோருக்கு நில உரிமை தரும் 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகள் இடுகாட்டையும் சான்றாக ஏற்கின்றன. ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதி வாங்கினால் அதுவும் சான்றுதான். கிராம சபைத் தீர்மானத்தின் நகலை விடாமல் வாங்கி வையுங்கள். கிராம சபைக்கு அடுத்துக் கோரிக்கையைப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழு நிராகரித்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் மேல்முறையீடு செய்யுங்கள். நிராகரிப்பை எழுத்தில் தராமல் வாயால் சொல்லி அனுப்பினால் அங்கிருந்து நகராதீர்கள். கோரிக்கை ஏற்கப்பட்டால் கிடைக்கும் உரிமைப் பத்திரத்தை விற்க முடியாதுதான். ஆனால், சமூகத்தில் வேரூன்றியவரைச் சொந்த ஜாமீனில் விடலாம் என்று 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் சொன்னார்களே, அந்த வேருக்கு இதைவிட நல்ல சான்று எது?

சட்டப்பணி வழக்குரைஞர், விழுப்புரம்:
நிபந்தனையைத் தளர்த்த மனுப் போட்டேன். மறுவாரமே சொந்த ஜாமீனில் வந்துவிட்டார். சூளையில் முன்பணம் வாங்கியிருப்பதால், அடுத்த வாய்தாவுக்கு அவரை அனுப்ப முதலாளி மறுக்கிறார். வாய்தா வரும் செவ்வாய்க்கிழமை. நாளைக் காலை நானே சூளைக்குப் போகிறேன்.