ஈஸ்ட் விடும் முன்பு அதன் பெயர் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டிலேயே கோதுமை பீர் செய்வது பற்றிய ஒரு செய்முறை நூலைத் தமிழில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பிரதியைக் கொடுத்தாக வேண்டும். நான்கு நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்: வோர்ட். முளைகட்டி உலர்த்திய தானியத்தை, அதாவது மால்ட்டை, உடைத்து வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் கிடைக்கும் இனிப்பு நீர் அது. அதைக் கொதிக்கவைத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவைப் போட்டு, ஆறவைத்து, புளிக்கவைக்கும் ஈஸ்ட் விட்ட பிறகுதான் பீர் ஆகும். இப்போதைக்கு ‘வடிநீர்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

—

அம்மா, வடிநீர் வேண்டாம். ‘வடிநீரை ஒரு மணி நேரம் காய்ச்சவும்’ என்று எழுதிப் பாருங்கள், சாராயம் காய்ச்சச் சொல்வது போல இருக்கும். காய்ச்சி வடித்தல் என்பது வாலையில், அதாவது ஆவியாக்கிக் குளிரவைக்கும் கலத்தில், இறக்குவதற்கு நிலைத்துவிட்டது. தீநீரும் ஆகாது, சித்த மருத்துவத்தில் அதுவும் வாலையில் இறக்கியதுதான்.

இதற்கு வெளியே போய்த் தேட வேண்டியதே இல்லை. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள்ளின் செய்முறையே இருக்கிறது. அரிசிக் களியைப் பிழா என்ற வாயகன்ற தட்டில் ஆற்றி, முளையை இடித்துச் செய்த நல்லடை கலந்து, ‘எல்லையும் இரவும் இருமுறை கழிப்பி, வல்வாய்ச் சாடியின் வழைச்சற விளைந்த வெந்நீர் அரியல்’. இரண்டு பகல், இரண்டு இரவு! அரித்து எடுப்பதால் அரியல். வோர்ட்டும் அரித்து எடுப்பதுதானே? அதே பாட்டில் ‘இல்லடு கள்ளின் தோப்பி’ என்றும் வருகிறது, வீட்டில் சமைத்த கள். அடு என்ற வினைதான் அடுப்பிலும் இருக்கிறது. நூலுக்கே ‘இல்லடு பீர்’ என்று பெயர் வைக்கலாம்.

—

ஐயா காட்டிய அடியிலேயே மறுப்பும் இருக்கிறது. ‘வழைச்சற விளைந்த’ அரியல் என்றால் பச்சை வாடை போய்ப் புளித்து முடிந்த கள். வோர்ட் இன்னும் விளையாதது. அந்த ஒரு வேறுபாட்டைத்தான் இந்தச் சொல் சொல்ல வேண்டும்.

நான் வீட்டில் கோதுமை பீர் செய்கிறவன். ஜெர்மன் முறைப்படி மால்ட்டில் பாதிக்குக் குறையாமல் கோதுமை இருக்க வேண்டும். பார்லிக்கு உள்ளது போலக் கோதுமைக்கு உமி இல்லை. அதனால் வடிக்கும்போது பசை போல இறுகி அடைத்துக்கொள்ளும். போன முறை கொஞ்சம் நெல் உமி கலக்க மறந்துவிட்டேன். குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது, ரொட்டி மணம், நல்ல இனிப்பு. அந்த நேரத்தில் ஒரு கையில் கரண்டி, மறு கையில் வெப்பமானி. சொல்லை நினைத்துக்கொண்டு நிற்க முடியாது. பீர், ஈஸ்ட், மால்ட், ஹாப்ஸ் நான்கையும் அப்படியே ஏற்ற பிறகு ஐந்தாவதாக வோர்ட்டும் இருக்கட்டுமே.

—

நான் வேதியியல் கற்பிக்கிறேன். எனக்கு வோர்ட்டை விட ‘நொதி’தான் கவலை. தமிழகப் பாடநூல்களில் என்சைம் என்றால் நொதி, ஈஸ்ட் செய்யும் வேலை நொதித்தல். இலங்கைப் பாடநூல்களில் என்சைம் நொதியம், ஈஸ்ட் மதுவம். இந்தச் செய்முறையிலோ என்சைமின் வேலையும் ஈஸ்ட்டின் வேலையும் வேறு வேறு கட்டங்கள். 45 பாகை செல்சியஸ் அளவில் சற்று நேரம் ஊறினால் ஃபெரூலிக் அமிலம் பிரியும், கோதுமை பீரின் கிராம்பு மணத்துக்கு அதுதான் அடிப்படை. 65 பாகை அளவுக்குக் கொண்டுபோனால் மாவுச்சத்து சர்க்கரையாகும். இரண்டும் என்சைம் செய்பவை, ஈஸ்ட் இன்னும் பாத்திரத்துக்குள் வரவே இல்லை. இதை ‘நொதிகள் செயல்படும்’ என்று எழுதினால், அப்போதே நொதித்தல் தொடங்கிவிட்டது என்று படிப்பார்கள். வகுப்பில் இதைத் திரும்பத் திரும்பத் திருத்தியிருக்கிறேன். தயவுசெய்து என்சைம் என்றே போடுங்கள்.

வோர்ட்டுக்கு ‘முளைச்சாறு’ என்பது என் பரிந்துரை. ‘ஊறல்’ என்று யாரும் தொடங்க வேண்டாம், செய்தித்தாள்கள் அதைச் சாராயத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டன.

—

சாறு பிழிந்து எடுப்பது. இது ஊறி இறங்குவது. பழைய ஆங்கிலத்தில் வோர்ட்டுக்கும், செடி, வேர் என்று பொருள்படும் சொல்லுக்கும் உறவு உண்டு. ஜெர்மனில் இதை வூர்ட்சே என்கிறார்கள், அதற்கு மணப்பொருள் என்றும் பொருள். ஆக அங்கே பெயர் வந்தது மணத்தாலும் சுவையாலும், பிழிவதால் அல்ல. நாமும் சுவையிலிருந்து தொடங்கினால் என்ன? மேலும் சங்கத் தமிழில் சாறு என்றால் விழா. ‘சாறுதலைக் கொண்டென’, புறநானூறு 82.

—

விழா என்ற பொருள் இன்று வழக்கில் இல்லை. மருந்துச் செடியை வேகவைத்து இறக்கியதையும் சாறு என்றுதான் சொல்கிறோம். பிழிந்தால்தான் சாறு என்ற கட்டாயம் பேச்சில் இல்லை. என் ஓட்டு முளைச்சாறு.

—

எல்லோருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்ததில் முளைச்சாற்றுக்குத்தான் ஆதரவு கூடுதல். முதல் முறை வரும்போது ‘வோர்ட் எனப்படும் முளைச்சாறு’ என்றும், அப்புறம் முளைச்சாறு என்றும் போடுகிறேன். பீர் செய்யும் நண்பருக்காக வெப்பநிலை அட்டவணையில் மட்டும் வோர்ட் என்றே விடுகிறேன், அதை அடுப்பருகே ஒட்டிவைப்பார்கள். என்சைமும் அப்படியே இருக்கும். அரியலை எடுக்காததற்கு ஐயா மன்னிக்க வேண்டும்.

—

மன்னிக்க ஒன்றுமில்லை, அம்மா. விளையாதது என்ற மறுப்பு நியாயமானது, இரவு முழுக்க யோசித்தேன். அப்படியானால் ‘இளவரியல்’. இளநீரில் இள எதைச் சொல்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, இன்னும் முற்றவில்லை என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஈஸ்ட் விடும் முன் இளவரியல், விட்டு விளைந்தபின் அரியல். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே?