மகளிர் நினைவிடம்: பண்ணையா, நூலகப் பக்கமா, ஆஸ்பத்திரி வீதியா?

வேப்பமர நிழல் (கேள்வி)

வணக்கம். யாழ்ப்பாண நகரத்துக்குள்ள பெண்களுக்கெண்டு ஒரு பொது நினைவிடம் கட்ட நாலைஞ்சு மாதர் சங்கங்கள் சேர்ந்து குழு அமைச்சிருக்கு. தனி ஒராளின்ர சிலை இல்லை. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிச்ச ரீச்சர்மார், மருத்துவிச்சிமார், தாதிமார், சந்தையிலயும் கடற்கரையிலயும் உழைச்ச பெண்கள், போரில செத்தவை, காணாமல்போன பிள்ளையைத் தேடித்தேடியே கண்ணை மூடின தாய்மார் எண்டு ஏறக்குறைய 160 பெயர். அரைப் பரப்பு, அதாவது 30 அடிக்கு 45 அடி இருந்தால் காணும் எண்டு கணக்குப் போட்டிருக்கு.

இடத்திலதான் இழுபறி. பண்ணைக் கடற்கரை நல்லது, பின்னேரம் சனம் காத்து வாங்க வாற இடம் எண்டு ஒரு பகுதி. பொது நூலகத்துக்கும் சுப்பிரமணியம் பூங்காவுக்கும் கிட்ட வைக்கோணும் எண்டு இன்னொரு பகுதி. தீவுப் பக்கத்தால, வடமராட்சியால, தென்மராட்சியால வாற பெண்கள் பஸ்ஸால இறங்கினதும் கண்ணில படோணும், அதனால ஆஸ்பத்திரி வீதிதான் எண்டு மூண்டாவது பகுதி.

எந்த இடம் பொருந்தும்? யாரிட்டை அனுமதி எடுக்கோணும்? பெயரை எப்பிடிப் பொறிச்சால் நிண்டு பிடிக்கும்? விஷயம் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொல்லுங்கோ.

காணியும் வரைபடமும் (பதில்)

முதலில் இடத்தை முடிவெடுத்துவிட்டுப் பிறகு காணி யாருடையது என்று தேடப்போகாதீர்கள். காணியில் தொடங்குங்கள். நகரத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு துண்டுக்கு இரண்டு எசமானர்கள் இருப்பார்கள்: ஒன்று மாநகர சபைக்கு உரித்தானது, மற்றது பிரதேச செயலகத்தின் பொறுப்பிலுள்ள அரச காணி. வீதியோரம் வேறு கணக்கு. ஏ, பி வகுப்பு வீதிகளின் ஒதுக்கு நிலம் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் கையில், சி, டி வகுப்பு மாகாண வீதித் திணைக்களத்தின் கையில், ஒழுங்கைகளும் சிறு வீதிகளும் சபையின் கையில். வீதி அகலிப்பு வந்தால் ஒதுக்கு நிலத்தில் நிற்பதுதான் முதலில் போகும். ஆஸ்பத்திரி வீதியை நினைக்கிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

பண்ணைக்கு இன்னொரு சிக்கல். சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் நிரந்தரமாக எதைக் கட்டினாலும் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கோட்டைக்கு அண்மையென்றால் தொல்பொருள் திணைக்களத்திடமும் போகவேண்டும். இரண்டு திணைக்களம், இரண்டு கோப்பு, இரண்டு காத்திருப்பு.

சபைக் காணியென்றால் நடைமுறை இதுதான். நில அளவையாளரைக் கொண்டு அந்தத் துண்டின் வரைபடம் எடுங்கள். மாநகர முதல்வருக்கும் ஆணையாளருக்கும் கோரிக்கைக் கடிதம், கூடவே வரைபடம், கட்டுமானப் படம், பெயர்களை எப்படித் தெரிந்தீர்கள் என்ற ஒரு பக்க விளக்கம். சபையின் குழு ஆராய்ந்த பிறகு அது சபையில் பிரேரணையாக வரும். நிறைவேறினால் கூட்டக் குறிப்பின் உறுதிப்படுத்திய நகலைக் கேட்டு வாங்குங்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: தீர்மானம் நிறைவேறியதும் அடிக்கல் நட்டுவிடுவார்கள். தீர்மானம் சபையின் விருப்பம் மட்டுமே, கட்டட அனுமதி அல்ல. நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்தின் கீழான அபிவிருத்தி அனுமதியைத் தனியாக எடுக்கவேண்டும். அது கையில் இல்லாமல் கிடங்கு வெட்டினால், ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தோடு வேலை நின்றுவிடும்.

காணி பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நின்ற முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 தை 8ஆம் திகதி இரவோடிரவாக இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து, 11ஆம் திகதி மீண்டும் அடிக்கல் வைக்கப்பட்டது. எங்களுடைய மண்ணில் நினைவுச் சின்னத்துக்குக் கல்லைவிட முக்கியம் கடதாசி. பராமரிப்பு யார் செய்வது, எத்தனை வருடத்துக்கு, சின்னத்தை அகற்றுவதானால் எத்தனை மாத முன்னறிவித்தல் என்று சபையோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். சபை மாறலாம், உறுப்பினர் மாறலாம், அந்தத் தாள் கோப்பில் இருக்கும். இன்னொன்று: உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தின் 2016 திருத்தத்தால் 25 வீதம் பெண் உறுப்பினர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. கட்சி பாராமல் அவர்கள் எல்லாரிடமும் நேரே போய்ப் பேசுங்கள். பிரேரணையை ஒரு கட்சி உறுப்பினர் முன்மொழிந்து வேறு கட்சிப் பெண் உறுப்பினர் வழிமொழிந்தால் அதற்கு இருக்கும் பலம் வேறு.

உளிச்சத்தம் (பதில்)

இடம் எதுவெண்டாலும் கட்டுமானக் கணக்கைச் சொல்லுறன், அதைப் பார்த்திட்டு முடிவெடுங்கோ.

பண்ணையில உப்புக்காத்து. சோளகக் காலத்தில மாதக்கணக்காக அடிக்கும், பிறகு வாடையும் மழையும். சாதாரண வீட்டு வேலை மாதிரிக் கம்பிக்கு 20, 25 மில்லிமீற்றர் கவர் (கம்பியை மூடுற கொங்கிறீற் தடிப்பு) விட்டுக் கொங்கிறீற் போட்டால் சில வருசத்தில உப்பு உள்ள இறங்கிக் கம்பி கறள் பிடிக்கும். கறள் பிடிச்ச கம்பி பருக்கும், பருத்தால் கொங்கிறீற் வெடிக்கும், வெடிப்பால இன்னும் உப்பு போகும். அங்கை கட்டுறதெண்டால் கவர் 50 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, கவர் புளொக் வைச்சுத்தான் கம்பி கட்டோணும். கலவைக்கும் நனைக்கிறதுக்கும் நல்ல தண்ணி பவுசரில கொண்டுபோங்கோ. கரையோரக் கிணத்துத் தண்ணி உவர், அதையே ஊத்தினால் உப்பை நீங்களே உள்ளுக்கு வைச்சுக் கட்டின மாதிரி. மணலும் அப்பிடித்தான். கரையோர மணலெண்டால் கழுவாமல் பாவிக்கக்கூடாது. குறைஞ்சது 7 நாள் சாக்குப் போட்டு ஈரம் காயாமல் வைச்சிருங்கோ. கைபிடி, ஆணி, கொழுக்கி எல்லாம் 316 தர ஸ்ரெயின்லஸ். 304 கடலோரத்தில புள்ளி புள்ளியாப் பழுப்பாகும்.

நூலகப் பக்கத்திலயும் கடல் தூரமில்லை, ஆனால் நேரடித் தூவானம் இல்லை. அங்கை கரைச்சல் மரம். கல்லு மேல்பார்த்துச் சரிஞ்சிருந்தால் இலைச்சாறும் காக்கை எச்சமும் கறையாக் கிடக்கும். நிமிர்ந்த சுவர் சுத்தமா நிக்கும், ஆனால் வாசிக்கிற ஆள் கழுத்தை நிமிர்த்தவேணும். நான் சொல்லுறது: சுவர் உயரம் 4 அடிக்கு மேல போகாமல், நிமிர்ந்த நிலையிலயிருந்து 10 பாகை மட்டும் பின்னுக்குச் சரிச்சு, மேல் விளிம்பில ஒரு இஞ்சி வெளியில தள்ளின கல்லு. மேல் விளிம்புத் தண்ணி பெயரில வழியுறது கொஞ்சமாவது குறையும். சக்கர நாற்காலியில இருக்கிறவைக்கும் கண்மட்டத்தில வரும்.

இனிப் பெயர். 160 பெயரெண்டால் கல்லுக் கணக்கு இப்பிடி வரும். 1200 மில்லிமீற்றர் அகலம், 600 உயரக் கறுப்புக் கிறனைற் பலகை. எழுத்து உயரம் 20 மில்லிமீற்றர். தமிழுக்கு மேல விசிறி, கீழ சுழி எல்லாம் இருக்கிறபடியால் வரிக்கு வரி 45 மில்லிமீற்றர் விடோணும். ஆங்கில எழுத்துக்கு விடுற இடைவெளியை வைச்சுத் தமிழை அடுக்கினால் மேல்வரியின்ர 'கூ' கீழ்வரியின்ர 'கி'யில முட்டும். மேலயும் கீழயும் 50 விளிம்பு விட்டால் 11 வரி, இரண்டு நிரல், ஒரு பலகையில 22 பெயர். 160க்கு 8 பலகை, கடைசியில 16 இடம் மிச்சம். அந்த 16 இடத்தை நிரப்பாமல் விடுங்கோ. திறப்பு விழா முடிஞ்ச அடுத்த கிழமையே "எங்கட அம்மாவை விட்டிட்டியள்" எண்டு ஆக்கள் வருவினம்.

புள்ளியைக் கவனியுங்கோ. கணினியில அழகாத் தெரியுற மெல்லிய எழுத்துருவைக் கல்லில வெட்டினால் புள்ளி ஒண்டரை மில்லிமீற்றர்தான் வரும், ஒரு மாரியில பாசியும் தூசும் அதை அடைச்சிடும். பிறகு 'கமலம்' 'கமலம' ஆகிடும். புள்ளி விட்டம் 3 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிச்ச எழுத்தாத் தெரியுங்கோ. வெட்டு ஆழமும் அவ்வளவு இருக்கோணும், மேலால வெள்ளை அடிச்ச எழுத்து உரிஞ்சுபோகும். பித்தளை எழுத்து ஒட்டவே வேண்டாம், பழைய இரும்புக்காரரின்ர தராசுக்குத்தான் போகும்.

பலகையைச் சீமெந்துச் சாந்தால மட்டும் ஒட்டினால் பின்னால தண்ணி நிண்டு கழரும். நாலு மூலையிலயும் ஸ்ரெயின்லஸ் ஊசி, பலகைக்கும் பலகைக்கும் 5 மில்லிமீற்றர் இடைவெளி, அடியில தண்ணி ஒழுக ஓட்டை.

சுண்டுக்குளிப் பிள்ளை (பதில்)

கல்லைப் பற்றி உளிச்சத்தம் அண்ணை சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இடத்தைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

நூலகத்துக்குப் பக்கத்திலுள்ள முற்றவெளித் திடலைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். வீரசிங்கம் மண்டபம், துரையப்பா விளையாட்டரங்கு, சுப்பிரமணியம் பூங்கா, தந்தை செல்வா நினைவுத்தூபி. மணிக்கூட்டுக் கோபுரமும் 1875இல் வந்த வேல்ஸ் இளவரசரின் ஞாபகமாக எழுந்ததுதான். எல்லாம் ஆண்களின் பெயர். பெண் உருவமென்றால் நூலக வாசலில் இருக்கும் சரஸ்வதி, அவள் தெய்வம். மண்ணில் பிறந்து, உழைத்து, செத்த ஒரு பெண்ணின் பெயர்கூட அந்த வட்டத்துக்குள் பெரிதாக இல்லை. வேம்படி மகளிர் பாடசாலைப் பிள்ளைகள் நாளாந்தம் நடக்கிற சுற்றாடல் அது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்றை 1824இல் உடுவிலில் கண்ட ஊர் இது. 1931இல் இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது, அடுத்த வருடமே நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கில் அரசாங்க சபைக்குத் தெரிவானார். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்திய மங்களம்மாள் மாசிலாமணியின் பெயரை இப்போதைய பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1989 புரட்டாதி 21இல் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்ட, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகமவை? ஆகவே என் நிலைப்பாடு நூலகப் பக்கம்தான். கடற்கரையில் வைத்தால் அது காத்து வாங்கும் இடத்து அலங்காரமாகிப் போய்விடும் என்பது என் பயம்.

பெயர்ப் பட்டியலைப் பற்றியும் பேசவேண்டும். நியூயோர்க்கின் சென்ட்ரல் பார்க்கில் 2020 ஆவணி 26இல் திறந்த பெண்ணுரிமை முன்னோடிகள் சிலைக்கு முதலில் தெரிந்தவர்கள் இரண்டு வெள்ளைப் பெண்கள் மட்டுமே. கறுப்பினப் பெண்கள் எங்கே என்ற கண்டனம் எழுந்த பிறகுதான் சோஜர்னர் ட்ரூத்தின் உருவம் சேர்ந்தது. கல் வெட்டமுதல் கண்டனம் வந்ததால் திருத்தமுடிந்தது. இங்கே அதே கேள்வியை இப்போதே கேளுங்கள். 1990 ஐப்பசியில் வெளியேற்றப்பட்ட சோனகதெரு முஸ்லிம் பெண்களில் எத்தனை பேர் அந்த 160இல்? மலையகத்திலிருந்து வந்து இங்கே தோட்டத்தில் கூலிக்கு நின்றவர்கள்? துப்புரவுத் தொழிலாளிப் பெண்கள்? பெயரெடுத்த குடும்பத்து ஆசிரியைகள் முதல் மூன்று பலகையையும் பிடித்துக்கொண்டால் மற்றப் பெண்கள் அந்த இடத்துக்கு வரமாட்டார்கள், எங்கே வைத்தாலும். வரிசை அகரவரிசையாக இருக்கட்டும். பட்டம், பதவி, 'திருமதி இன்னார்' எதுவும் வேண்டாம். அவளுடைய பெயரும் ஊரும் போதும்.

1987 ஐப்பசி 21, 22இல் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் கொல்லப்பட்ட ஊழியர்களை அங்கேயே வருடாவருடம் நினைவுகூருகிறார்கள். அந்தப் பெண்களின் பெயரைச் சேர்ப்பதானால் முதலில் குடும்பங்களையும் ஆஸ்பத்திரிச் சமூகத்தையும் கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எழுத்துக்கூட்டலைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்து, குடும்பத்தில் ஒருவரின் கையொப்பம் வாங்குங்கள். 'ஞானம்மா'வா 'ஞானம்மாள்'ஆ என்பதைக் கல்லில் வெட்டிய பிறகு விசாரிக்க ஏலாது.

வேப்பமர நிழல்

மூண்டு பேருக்கும் மெத்தப் பெரிய உதவி. குழுவுக்கு இதை அப்பிடியே அச்செடுத்துக் குடுக்கிறன். இரண்டு சந்தேகம். ஆஸ்பத்திரி வீதி கேட்ட ஆக்களுக்கு என்ன சொல்லுறது? அவையின்ர நியாயத்தையும் தள்ளேலாது. மற்றது, வயதுபோன அம்மாமார் கட்டாயம் விளக்குக் கொளுத்துவினம், மாலை போடுவினம். வேண்டாமெண்டு சொல்ல ஒருத்தருக்கும் மனமில்லை.

காணியும் வரைபடமும்

ஆஸ்பத்திரி வீதிக்கு இடக்கணக்கைக் காட்டுங்கள். நினைவுநாளில் 150 பேர் நிற்பதானால் ஆளுக்கு 5 சதுர அடி வைத்தாலும் 750 வேண்டும். உங்கள் அரைப் பரப்பு 1,350 சதுர அடி, சுவரும் இருக்கையும் ஒரு 250 எடுத்தாலும் தாராளம். நடைபாதையில் அந்த இடம் கிடையாது, சனம் தெருவில் இறங்கும், பொலிஸ் வரும். ஆனால் அவர்கள் கேட்பதில் உள்ள உண்மையை விடாதீர்கள். பஸ் நிலையத்தடியில் நினைவிடத்துக்கு வழிகாட்டும் பலகையொன்றுக்குச் சபையிடம் அதே பிரேரணையில் அனுமதி கேளுங்கள். நூலகப் பக்கம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். பூங்காவின் வேலிக்குள் போகவேண்டாம், படலை பூட்டினால் உங்கள் நினைவிடமும் பூட்டு.

உளிச்சத்தம்

விளக்குக்கு மனம் நோகவேண்டியதில்லை, இடத்தைப் பிரிச்சுக் குடுங்கோ. பெயர்ச் சுவரிலயிருந்து 8, 10 அடி தள்ளி, காத்து மறைப்போட ஒரு கல் மேடை, இடுப்பளவு உயரம், மேல மணல் நிரப்பின தட்டம். மணல் எண்ணெயைக் குடிக்கும், மாதத்துக்கு ஒருக்கால் மாத்தலாம். சுவரடியில கொளுத்தினால் புகை கல்லில ஏறும், எண்ணெய் கிறனைற்றுக்குள்ளயும் ஊறிக் கறுக்கும், சவர்க்காரம் போட்டாலும் முழுக்கப் போகாது. மாலைக்குச் சுவரின்ர முன்விளிம்பில 316 கம்பி ஒண்டு ஓடவிடுங்கோ, ஆணி அடிக்க விடாதேங்கோ. வாடின பூ போடக் கூடை, ஒரு தண்ணிக் குழாய், அதுக்கு வாய்க்கால்.

தரைக்கு மினுக்கின கல்லு வேண்டாம், மழைக்கு வழுக்கும். சொரசொரப்பாக் கொத்தின கல்லுப் போடுங்கோ. நிலத்தை ஒரு அடி உயர்த்திறதெண்டால் சாய்தளம் 12 அடி நீளம் வரும், 12க்கு 1 கணக்கு, அகலம் 4 அடி, இரண்டு பக்கமும் கைபிடி. உயர்த்தாமல் விட்டால் சாய்தளமே தேவையில்லை, ஆனால் ஐப்பசி கார்த்திகை மழைக்கு அந்தத் துண்டில தண்ணி எவ்வளவு நிக்குதெண்டு ஒரு மாரி பார்த்து அளந்துபோட்டுத்தான் மட்டம் எடுக்கோணும். இருக்கை கட்டாயம் போடுங்கோ, முதுகு சாய்க்கிற மாதிரி, பெயரைப் பார்த்தபடி. மகளின்ர பெயரைத் தேடி வாற தாய் நிண்டபடியே திரும்பிப் போகக்கூடாது.