புதுப்பிப்பு: சூடானால் ஸ்டார்ட் ஆகாத ஆர்எக்ஸ்-8

சூடான எஞ்சினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டிருந்தேன், பெரும்பாலும் எல்லாரும் ஓடிவிடு என்றீர்கள். வாங்கிவிட்டேன்.

ஆனால் கம்ப்ரஷன் (எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் எவ்வளவு அழுத்தப்படுகிறது என்ற அளவு) பார்க்காமல் வாங்கவில்லை, அது குறைந்தாலும் சூட்டில் இப்படி அடம்பிடிக்கும். இது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனே கிடையாது, அதற்குப் பதில் சுழலும் இரண்டு முக்கோண ரோட்டர்கள், ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம், சாதாரண கேஜை மாட்டினால் மூன்றில் நன்றாக இருப்பதன் அளவை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும். அதனால் மூன்றையும் தனித்தனியே காட்டும் டெஸ்டர் உள்ள பட்டறையாகத் தேடிப் போனேன். ஒரு ரோட்டர் பரவாயில்லை. இன்னொன்று, 250 ஆர்பிஎம் சுழல் வேகத்துக்குக் கணக்கிட்டால், 680 கிலோபாஸ்கல் என்ற குறைந்தபட்ச அளவுக்கும் கீழே. அநேகமாக ஏபெக்ஸ் சீல் (ரோட்டர் முனைகளில் அழுத்தம் கசியாமல் அடைக்கும் பட்டை) தேய்மானம்தான்.

அந்த டெஸ்ட் முடிவுத் தாளை நீட்டியதும் விற்றவர் ரீபில்ட் (எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கும்) செலவில் பெரும்பகுதியை விலையில் குறைத்துக்கொண்டார். இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக் மாற்றினால் போதும் என்ற நண்பருக்கு: மாற்றினேன், ஐடில் மட்டும் சீரானது. குளிர்காலத்தில் ரீபில்டுக்காக எஞ்சினை இறக்குவேன். அதுவரை ஆயில் அளவை அடிக்கடி பார்க்க வேண்டும் (சீலை நனைக்கவே கொஞ்சம் ஆயிலை எரிக்கும், கசிவு இல்லை), அப்புறம் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி உடனே அணைக்கவும் கூடாது, பெட்ரோலில் பிளக் நனைந்துவிடும்.