எட்டு நாள் கன்றுக்குக் கழிச்சல், பாலை நிறுத்தலாமா?

கேள்வி:
ஜெர்சி கலப்புக் கன்று, பிறந்து 8 நாள், 25 கிலோ இருக்கும். நேற்று மாலையிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் மாதிரி கழிகிறது, வாலெல்லாம் அப்பிக் காய்ந்து கிடக்கிறது. காய்ச்சல் இல்லை, மடியில் விட்டால் ஊட்டுகிறது. பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டு நாள் பாலை நிறுத்தச் சொல்கிறார். மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள், இன்னும் போடவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
மாத்திரையைப் போடுங்கள். போன வருடம் எங்கள் கன்றுக்கும் இதே கழிச்சல், இரண்டு வேளை போட்டதும் மூன்றாம் நாள் துள்ளிக் குதித்தது.

பதில் 2:
நான் கால்நடை மருத்துவர். அண்ணா, உங்கள் கன்று பிழைத்தது சந்தோஷம், ஆனால் மாத்திரை போடாமலே அது மூன்றாம் நாள் எழுந்திருக்குமா என்பது அந்த ஒரு கன்றை வைத்துத் தெரியாது, போட்ட கன்றையும் போடாத கன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்த வயதில் பெரும்பாலும் ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண் ஒட்டுண்ணி, இவைதான் காரணம், வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. காய்ச்சல், சாணத்தில் ரத்தம், ஊட்டாமல் சோர்ந்து கிடப்பது என்று இருந்தால் மட்டும் அது தேவை.

பாலை நிறுத்தவே வேண்டாம். அப்படி ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகளில் பால் நிறுத்திய கன்றுகள்தான் இளைத்துப் போயின. கன்றைக் கொல்வது உடம்பில் நீர் வற்றுவதும் ரத்தத்தில் அமிலம் ஏறுவதும்தான். கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பாருங்கள், உடனே படிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
கிள்ளிப் பார்த்தேன் டாக்டர், மெதுவாகத்தான் இறங்குகிறது, கண்ணும் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. வீட்டில் நாம் குடிக்கும் ஓஆர்எஸ் பாக்கெட்தான் இருக்கிறது.

பதில் 2:
அப்படியென்றால் உடல் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் நீர் வற்றியிருக்கலாம், 25 கிலோவுக்கு 2 லிட்டர், அப்புறம் கழியக் கழிய அதையும் ஈடுகட்ட வேண்டும். இப்போதைக்கு அந்த பாக்கெட்டையே பாலில் கலக்காமல் தண்ணீரில் கரைத்து, ஊட்டி இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். அமிலத்தைச் சரிசெய்யும் உப்பு அதில் கன்றுக்குப் போதாது, அதனால் காலையில் கன்றுக்கான ஓஆர்எஸ் பொடியை வாங்கிவிடுங்கள். விரலை வாயில் வைத்தால் சப்பவில்லை, எழுந்து நிற்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், நரம்பில் சலைன் ஏற்றியாக வேண்டும். தமிழ்நாடு என்றால் 1962-க்கும் அழைக்கலாம்.

மற்ற கன்றுகளைத் தள்ளிக் கட்டுங்கள். கிரிப்டோ மனிதருக்கும் ஒட்டும், பிள்ளைகள் கன்றைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.